கோணம் எழுதாத தாள்

என் அலுமாரியில் ஒரு பழைய தாள் இருக்கிறது. 'முழங்கால் நோவு' என்று என் கையெழுத்து. அதற்குக் கீழே, இடுப்பு மூட்டு எத்தனை பாகை திரும்புகிறது என்று எழுத வேண்டிய கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. கிழித்துப்போடப் பலமுறை எடுத்தேன், மனம் வரவில்லை.

மட்டக்களப்பில் இடுப்பு மூட்டுத் தேய்ந்தவர்களைப் பற்றி எங்கள் டாக்டர் ஐயா ஆய்வு செய்தபோது, கோணமானியோடு கூட நின்றவன் நான். வயலில் குந்தி எழும்புகிறவர்களுக்கும் தோணி வலிப்பவர்களுக்கும் அந்த மூட்டு எப்படித் தேய்கிறது என்பதே அவருடைய கேள்வி. ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். "முழங்கால் எண்டு வந்தாலும் இடுப்பைத் திருப்பிப் பாருங்க. நோவு ஒரு இடத்தில இருக்கும், வருத்தத்துக்கு வேர் வேற இடத்தில இருக்கும்" என்பார்.

கல்லடியில் மீன் விற்கிற அக்கா வந்தது ஓர் ஐப்பசி மழை நாளில். வரிசை வாசலுக்கு வெளியே நின்றது. "முழங்கால்தான் தம்பி, குந்தினா எழும்ப ஏலாமக் கிடக்கு. இடுப்புக்கு ஒண்டுமில்ல" என்று சிரித்தார். எனக்கோ பசி. ஆய்வில் சேர்க்கத் தேவையில்லை என்று எழுதி, பூசுகிற மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். காலை மடக்கி ஒருதரம் திருப்பிப் பார்க்க அரை நிமிடம் போதும். அப்படி என்ன அவசரமோ எனக்கு! அன்றே பார்த்திருந்தால் ஐயா ஏதாவது வழி செய்திருப்பார்.

மார்கழியில் தாள்களைப் புரட்டிய ஐயா, அந்த வெறும் கட்டத்தைக் கண்டு தாளை என் முன்னே வைத்தார். "திங்கட்கிழமை அவவக் கூட்டி வாங்க" என்றார். ஞாயிறு காலை கடல் ஊருக்குள் வந்தது, அக்காவைக் கொண்டுபோனது.

ஐயா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "ஓட ஏலுமான ஆக்களும்தான் போனாங்க" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சில வருடங்களை ஓட்டினேன். பிறகு ஐயாவும் காலமானார். ஆய்வு பாதியில் நின்றது. அந்த அறையில் நான் மட்டும் மிஞ்சினேன்.

யுத்தம் முடிந்த வருடம், அக்காவின் கணவர், வெல்லாவெளியில் மகளோடு தங்கியிருந்தவர், இடுப்பு நோவென்று வந்தார். கட்டிலில் படுத்துக்கொண்டே, கேட்காமலே சொன்னார்: "அவ ஓடிப் பாக்கவே இல்ல தம்பி. 'எனக்கு ஏலா, புள்ளயத் தூக்கிட்டு ஓடுங்க' எண்டு என்னைத் தள்ளிவிட்டா."

நான் அவருடைய காலை மடக்கி, மெல்லத் திருப்பினேன்.

"அவவுக்கும் இப்பிடித்தான் திருப்பிப் பாத்தீங்களா?"

"ஓம்" என்றேன்.

அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், தலையாட்டினார். இப்போது ஓய்வுபெற்று, பேச ஆளில்லாத வீட்டில், இந்தத் தாளை விரித்து வைத்திருக்கிறேன். கட்டத்தில் ஏதோ ஓர் எண்ணை எழுதிவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன். ஐயா இருந்திருந்தால், நான் பொய் சொன்னதை அவரிடமாவது சொல்லியிருப்பேன்.