பாட்டுப் போடாத டிரைவர்

பிள்ளைகளா, நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில் ஒரு டிரைவர் இருந்தார். காதோரம் மட்டும் நரைத்தவர். தினமும் ஒரே பாட்டுக்காரரின் கேசட்டைத்தான் போடுவார். தானே எழுதிப் பாடிய அந்த மனிதர் இறந்த மறுநாள், வழியெல்லாம் ஒலிபெருக்கியில் அவர் குரல்தான். எங்கள் பஸ்ஸில் மட்டும் சத்தமே இல்லை.

"ஏண்ணே, அவரு போயிட்டாருன்னு எங்களையும் பாட்டில்லாமப் பட்டினி போடுறீகளா?" என்று மல்லிகைக் கூடை வைத்திருந்த அக்கா கேட்டார்.

"இன்னைக்குப் போட்டா எழவுப் பாட்டா ஆயிரும்க்கா. நாளைக்குப் போடுறேன்."

கொஞ்ச நேரத்தில் அந்த அக்காவே அந்தப் பாட்டுக்காரரின் பாட்டொன்றை மெல்லப் பாடினார். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டோம். பூ வாசத்தில் பஸ்ஸே மிதப்பதுபோல இருந்தது. டிரைவர் தடுக்கவில்லை. ஆட்டு மந்தை குறுக்கே வந்தபோதுகூட ஹாரன் அடிக்காமல், கடைசி ஆடு கடக்கும்வரை வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்.