அண்ணன் கப்பலின் கொடி

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. அண்ணன் ஃபிட்டராக வேலை பார்க்கும் சரக்குக் கப்பலின் மாதிரி, முழங்கை நீளம் இருக்கும். போன விடுமுறையில் அண்ணனே செய்தது. பின்பக்கக் கம்பத்தில் கட்டைவிரல் நகத்தளவு ஒரு கொடி. அது மட்டும் மதினி செய்தது.

மதினியின் முதல் கொடியைப் பார்த்து அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தது நினைவிருக்கிறது. மாதா கோயில் திருவிழாக் கொடியை மதினியின் பிறந்த வீட்டில்தான் தைப்பார்கள். மாதா முகம் மடிப்பில் மறைந்துவிடக் கூடாதென்று கஞ்சி போட்டுத் தேய்த்து விறைப்பாக ஏற்றுவது அங்கே வழக்கம். அதே நினைப்பில் மதினி காகிதக் கொடியையும் தட்டையாக ஒட்டிவிட்டார். "ஏ புள்ள, இதென்ன போர்டா? காத்து எங்க?" என்று கேட்டுவிட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். மெல்லிய காகிதத்தின் இருபுறமும் வண்ணம் பூசி, பசைத் தண்ணீரில் நனைத்து, ஈர்க்குச்சிகளின் மேல் சாய்வாகப் படுக்கவைத்தார். மடிப்புகள் கம்பத்தின் மேல்முனையிலிருந்து சரிந்து இறங்க வேண்டுமாம். "ஓடுற கப்பல்ல கொடி பின்னால பறக்கும். காத்தில்லாம நிக்கிற கப்பல்ல கம்பத்தோட ஒட்டித் தொங்கும்" என்றார். கொடி முடிவதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது.

அண்ணன் வேலைக்குத் திரும்பிய பிறகு கப்பல் முதலாளி கப்பலைக் கைவிட்டுவிட்டார். வேற்று நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. மாற்று ஆள் வராமல் யாரும் இறங்கக் கூடாதாம். நானும் மதினியும் ஏறாத ஆபீஸ் இல்லை. எல்லோரும் மரியாதையாக உட்காரச் சொன்னார்கள். அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசி வீடியோ காலில் அண்ணனின் கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. டீசல் தீர்ந்துவிட்டது, இனி போனுக்குச் சார்ஜ் போட வழியில்லை என்றார். மதினி முடித்து ஒட்டியிருந்த கொடியைக் காட்டினார். அது பின்பக்கமாக விரிந்து பறந்தது.

"இது ஓடுற கப்பலோட கொடியாச்சே. நாங்க நிக்கிறோம் புள்ள."

"ஓடட்டும். ஓடி வந்துருங்க."

அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை.

தேனி கலெக்டர் ஆபீசுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய ஒரு சாயங்காலம், கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்குவதைப் பார்த்தேன். மதினி அதை மறுபடி நனைத்து மடித்திருந்தார். "நீங்களே கைய விட்டுட்டா எப்பிடி மதினி?" என்று கத்திவிட்டேன்.

"கைய விடல தம்பி" என்றார் மதினி, பிரஷைத் துடைத்தபடி. "ஓடுற கப்பல்லருந்து ஒங்க அண்ணே எப்பிடி எறங்குவாக? நின்னாத்தான எறங்க முடியும்?"

அண்ணன் திரும்புவார் என்ற நம்பிக்கை எனக்குள் எப்போதோ செத்துவிட்டது. மதினியிடம் அதைச் சொல்லும் தைரியம் இல்லை.

இப்போது ஆடி பிறந்துவிட்டது. பள்ளத்தாக்குக் காற்று வீட்டைப் பிடுங்குகிறது. மதினி ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டுக் கப்பலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பசை காய்ந்த காகிதக் கொடி அசையாதென்று அவருக்கும் தெரியும். ஒரு ஜன்னலின் கொக்கி மட்டும் நிற்காமல் அடித்துக்கொள்கிறது. நான் எழுந்து போய் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.