விளையாட்டில் வந்த நெஞ்சு வலி

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மேனேஜராக இருந்தேன். எங்களைப் போன்ற மேனேஜர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி மாடியில் பயிற்சி வைத்திருந்தார்கள். நோயாளிகள் ஏன் இவ்வளவு நேரம் காத்துக்கிடக்கிறார்கள், அதை எப்படிக் குறைப்பது என்று விளையாட்டாகவே சொல்லித்தருவார்களாம். எங்களுக்கோ அன்று ஆள் பற்றாக்குறை. அரை மனசோடுதான் பஸ் ஏறினேன்.

மதுரையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் மேசைகளைப் போட்டு, இது சீட்டு போடும் இடம், இது ரத்தப் பரிசோதனை, இது டாக்டர் அறை என்று பிரித்துவிட்டார். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த ஒரு அண்ணாச்சிதான் விளையாட்டில் நெஞ்சு வலிக்காரர். நான் அவரைக் கூட்டிவந்த தங்கச்சி. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் மேசை மேசையாக ஓட வேண்டும். எங்கே போனாலும் வேறு மேசைக்கு விரட்டினார்கள். எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கு எரிச்சலாக வந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

ஒரு சுற்று முடித்துத் திரும்பினால், அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்தபடி குனிந்திருக்கிறார். "பிரமாதமா நடிக்காரு" என்றார் யாரோ. கைதட்டினார்கள். அவர் கையைத் தொட்டேன். சில்லென்று வேர்த்திருந்தது.

"தங்கச்சி, இது நெசம்மா" என்றார் மெதுவாக.

ஓடிப்போய்ச் சொன்னேன். சீட்டு மேசைக்காரர் சிரித்துக்கொண்டே நோயாளி பெயரைக் கேட்டார். மேசையைப் பிடித்துத் தள்ளிய பிறகுதான் சிரிப்பு நின்றது. அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினோம். கீழே நிஜ கவுண்டரில் இருந்த பெண்ணும் முதலில் சீட்டு போட்டுவிட்டு வரச் சொன்னாள்.

"சீட்டு பொறவு போட்டுக்கிடலாம்மா" என்று நான் அவளிடம் சொன்னேன். கதவைத் தள்ளி நேராக டாக்டரிடமே கொண்டுபோனோம்.

மாரடைப்புதான். சாயங்காலம் வரை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொண்டார், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்.

நெஞ்சு வலி என்று வந்தால் முதலில் உள்ளே, சீட்டெல்லாம் அப்புறம் என்பதை எங்கள் ஆஸ்பத்திரியில் கொண்டுவர, முதலாளியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கட்டினேன்.

ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பெஞ்சில் சத்தமில்லாமல் குனிந்து உட்கார்ந்திருப்பவரிடம் "என்ன செய்யுது?" என்று கேட்காமல் என்னால் கடந்து போக முடிவதில்லை.