அக்கா பாடிய வெள்ளிக்கிழமைகள்

என் அக்காவுக்குப் பாட வராது. கொஞ்சநஞ்சம் வராது என்றில்லை. சுருதி ஒரு பக்கம் போகும், அக்கா மற்றப் பக்கம் போவார். மேலே ஏறும் இடங்களில் குரல் கிழியும். கீழே இறங்கும்போது மூச்சு முடிந்து சொல் பாதியில் நிற்கும். நான் கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், சங்கீதம் படித்தவள் அல்ல. ஆனாலும் காது என்று ஒன்று இருக்கிறதே.

மற்றபடி அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. கிளிநொச்சியில் அத்தான் விட்டுப்போன அரிசி ஆலை, சந்தியில் ஹாட்வெயார் கடை, கனடாவில் மகன். நான் கலியாணம் கட்டாதவள். அத்தான் செத்த பிறகு அக்காவோடுதான் இருக்கிறேன். போர் முடிந்து ஊருக்குத் திரும்பிய சனம் தங்கள் வீடுகளுக்குத் தகரம் தேடித் திரிந்த நாட்களில், கோயிலுக்குக் கூரை போட்டுக் கொடுத்தது அக்கா. ஒலிபெருக்கியும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

கோயில் திறந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, தீபாராதனை முடிந்ததும் ஐயர் வழக்கம்போல, "பஞ்சபுராணம் படிக்கிற ஆக்கள் வாங்கோ" என்றார். தேவாரத்தில் தொடங்கிப் புராணத்தில் முடியும் ஐந்து பாட்டையும் அடியார் ஒருவர் முன்னே வந்து பாட வேண்டும், அதுதான் எங்கள் கோயில்களில் முறை. முன்பு பாடிய பெரியவர் ஊருக்குத் திரும்பி வரவில்லை. நாங்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய் மைக்கைக் கையில் எடுத்தார்.

ஐயோ, அந்தப் பாட்டு. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயம். ஒருவரும் சிரிக்கவில்லை. மெல்ல நிமிர்ந்து பார்த்தால், கண்ணை மூடிக் கைகூப்பி நின்ற பெண்களில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். தூணடியில் நின்ற ஒரு பெண் தோள் குலுங்க அழுதார். எங்கள் ஊரில் பெண்கள் கோயிலில் அழுவது புதினமில்லை. வராத மகனுக்கு, எங்கே என்று தெரியாத புருசனுக்கு என்று ஒவ்வொருவருக்கும் சாமியிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அக்காவுக்கும் இது தெரியாததல்ல. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"பாத்தனியே? என்ர பாட்டுக்கு எல்லாரும் அழுதவை."

"ஓம் அக்கா," என்றேன். அத்தான் போன பிறகு அந்த முகத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு அது. வேறு என்னத்தைச் சொல்ல?

அதன்பிறகு வெள்ளிக்கிழமை என்றால் அக்காதான். மேடைக் கச்சேரி என்றால் சனம் விசிலடித்தாவது இறக்கியிருக்கும். கோயிலில் கை தட்டுவதும் இல்லை, கூச்சல் போடுவதும் இல்லை. சாமிக்குப் பாடுகிறவரை யார் குறை சொல்வது? அதுவும் அவர் போட்ட கூரைக்குக் கீழே நின்றுகொண்டு? ஐயர் மட்டும் ஒருநாள் என்னிடம், "ரீச்சர், அம்மாவுக்குப் பக்தி மெத்த" என்றார். அதற்கு மேல் அவரும் போகவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கா விடியவே எழும்பிச் சாதகம் செய்யத் தொடங்கினார். சுடுதண்ணீர், மிளகு, தேன். ஐஸ்கிறீமை அடியோடு விட்டார். திருவிழாவில் யாரோ போனில் எடுத்த வீடியோவை ஒருமுறை அனுப்பியிருந்தார்கள். அக்கா கேட்டுவிட்டு, "உந்தப் போனில குரல் சரியா விழாது" என்று அழித்துவிட்டார். போனில் குறை, மைக்கில் குறை, மார்கழி என்றால் பனியில் குறை. எனக்குச் சில வேளை கடுப்பு வரும். வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று குசினி வரைக்கும் போவேன். அங்கே அவர் தேங்காய் துருவிக்கொண்டே பாடிக்கொண்டிருப்பார். துருவுகிற கையின் தாளத்துக்கும் பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பி வருவேன்.

வினை கனடாவில் இருந்து வந்தது. தாயின் பாட்டை யூடியூப்பில் போட வேண்டும் என்று மகனுக்கு ஆசை. நல்ல பிள்ளை, நல்ல எண்ணத்தில்தான் செய்தான். வவுனியா பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஸ்ரூடியோவில் எல்லாம் ஒழுங்கு பண்ணிவிட்டான். அக்கா தன் கலியாணக் கூறைச் சேலையை எடுத்து உடுத்துக்கொண்டு, வாடகைக்குப் பிடித்த வானில் ஏறினார். பாட்டைப் பதிவதற்கு எதற்குக் கூறை என்று நான் கேட்கவில்லை.

கண்ணாடி அறைக்குள் நின்று அக்கா பாடினார். நான் வெளியே, ஸ்ரூடியோக்காரருக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். அவர் மரியாதையான மனிதர். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பாடி முடித்து அக்கா வெளியே வந்ததும் சொன்னார்:

"அம்மா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. எல்லாத்தையும் கொம்பியூட்டரில சரிப்படுத்தலாம். எல்லாருக்கும் செய்யிறதுதான்."

"என்னத்தைச் சரிப்படுத்திறது?" என்றார் அக்கா.

அவர் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் ஹெட்போனை எடுத்து அக்காவின் காதில் மாட்டினார். முதலில் பாடியபடியே போட்டுக் காட்டினார். பிறகு திருத்தியதைப் போட்டுக் காட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அக்காவின் முகம்தான் தெரிந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றாமல், "முதல் போட்டதை இன்னொருக்காப் போடுங்கோ" என்றார். அங்கே எதிரொலி இல்லை, மணிச்சத்தம் இல்லை, குறை சொல்லக் கோயில் மைக்கும் இல்லை. கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஸ்ரூடியோக்காரருக்கு நன்றி சொன்னார்.

திரும்பும் வழியில் வான் ஓமந்தையைத் தாண்டியது. அக்கா யன்னலைப் பார்த்தபடி, "உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"அக்கா, நீங்கள்..."

"எப்ப எண்டு மட்டும் சொல்லு."

"முதல் நாளே தெரியும்," என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா கோயிலுக்கு வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. விடிய எழும்புகிறவர் சும்மா இருந்தார். தேங்காய் துருவும் சத்தம் மட்டும் கேட்கும் குசினியில் என்னால் நிற்க முடியாமல் இருந்தது. கோயிலில் ஐயர் ஒரு நல்ல ஓதுவாரின் இசைத்தட்டைப் போட ஏற்பாடு செய்தார். சும்மா சொல்லக் கூடாது, அருமையான குரல். சுருதி பிசகவில்லை.

ஒருநாள் பூசை முடிந்ததும் தூணடிப் பெண் என்னைத் தேடி வந்தார். பேரப்பிள்ளைகளோடு இருக்கும் மனிசி, மூத்த மகனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறவர்.

"ரீச்சர், அக்கா ஏன் இப்ப பாடுறேல்லை?"

"அவாக்குச் சுகமில்லை."

"கெதியா வரச் சொல்லுங்கோ. உந்த இசைத்தட்டுப் பாட்டுச் சத்தம் குறைவா இருக்கு. விக்கினாலே பக்கத்தில நிக்கிறவைக்குக் கேக்குது. அக்கா பாடேக்கை எண்டால் வாய்விட்டு அழலாம், ரீச்சர். அந்தச் சத்தத்துக்கை ஒருத்தருக்கும் கேக்காது. வீட்டில அழேலாது. பிள்ளையள் பயந்திடுங்கள்."

நான் வீட்டுக்கு ஓடாத குறை. கடைசியில் அக்காவுக்குக் கொடுக்க என்னிடம் உண்மையான ஒரு நல்ல சொல் இருக்கிறது என்று நினைத்தேன். குசினியில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தவரிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன். ஊரில் அத்தனை பெண்களுக்கும் அவர் பாட்டு வேண்டியிருக்கிறது என்றேன். அக்காவின் கை நின்றது.

"அப்ப அவையள் ஒருத்தரும் என்ர பாட்டைக் கேக்கேல்லை," என்றார்.

"அப்பிடி இல்லை அக்கா..."

"நீ ஒருத்தி எண்டாலும் கேட்டனி." இலையை மறுபடி ஆயத் தொடங்கினார்.

பொய் சொல்லிக்கொண்டிருந்த காலம் எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. ஆறுதல் என்று நினைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த அந்த ஒன்றுதான் இன்று வரை நெஞ்சில் கிடக்கிறது. ஸ்ரூடியோவில் அவர் இழந்தது குரலை மட்டும். அழுதவர்களையாவது நான் விட்டு வைத்திருக்கலாம்.

அப்படியிருந்தும் அடுத்த வெள்ளி அக்கா குளித்து வெளிக்கிட்டார். நான் ஒன்றும் கேட்காமல் பின்னால் போனேன். பூசை முடிந்தது. ஐயர் அக்காவைக் கண்டதும் இசைத்தட்டைப் போடாமல் நின்றார். தூணடிப் பெண் எட்டி அக்காவின் கையைப் பிடித்து, "பாடுங்கோ அக்கா" என்றார். அக்கா போய் மைக்கை எடுத்தார். "திருச்சிற்றம்பலம்" என்றார். அது வழக்கம்போல் கோயிலுக்கு வெளியே குளக்கட்டு வரைக்கும் போனது. பெண்கள் கண்ணை மூடினார்கள்.

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வாய் திறந்திருந்தது. பிறகு மைக்கை ஐயரிடம் கொடுத்தார். இசைத்தட்டுப் பாடத் தொடங்கியது. தூணடிப் பெண் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டார். அக்கா அதைப் பார்த்தபடி நின்றார்.

வரும் வழியில் ஆலை மதிலடியில் அக்கா நின்றார்.

"அவைக்காண்டிப் பாடத்தான் போனனான்," என்றார். "ஏலாமல் கிடக்கு, பிள்ளை. இப்ப என்ர குரல் எனக்குக் கேக்குது."