இருட்டிலும் இறந்த செல்கள்

வேலூரில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் கோடையில், வாய்ப் புற்றுநோய்ச் செல்களுக்கு ஒரு மருந்தைக் கரைத்து ஊட்டுவதுதான் என் வேலை. அந்தப் பச்சைத் தூள் தானாக ஒன்றும் செய்யாது. செல்லுக்குள் போய்ச் சும்மா இருக்கும். சிவப்பு வெளிச்சம் பட்டால்தான், பக்கத்தில் இருக்கிற ஆக்சிஜனை வெறிபிடித்ததாக மாற்றிவிடும். அந்த ஆக்சிஜன் செல்லை உள்ளிருந்தே கொல்லும். அதனால் மருந்து கொடுத்த தட்டுகளில் பாதியை விளக்கின் கீழ் வைப்போம். மீதியை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைப்போம். வெளிச்சத்தில் இருந்தவை சாக வேண்டும், இருட்டில் இருந்தவை பிழைக்க வேண்டும்.

எங்களுக்கு இரண்டுமே செத்தன.

"இன்னாடி இது, மறுபடியும் எல்லாம் காலி. ஒரே பேஜாரா இருக்குது" என்றாள் என்னோடு வேலை செய்த தோழி. வாணியம்பாடிக்காரி. வீட்டில் உருதும் என்னிடம் தமிழும் பேசுவாள்.

எங்கள் வழிகாட்டியான பேராசிரியை தட்டுகளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இருட்டுலயே கொல்லுதுன்னா இது சாதா விஷம்தான்மா. விட்டுட்டு அடுத்த மருந்தைப் பாருங்க."

"இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துடறோம் மேடம்" என்று கேட்டுக்கொண்டேன். அந்த மருந்தைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. அது செல்லுக்குள் போய்ச் சேர்ந்ததை நுண்ணோக்கியில் பார்த்திருந்தேன். செல்லின் மேல்சவ்வு சின்னதாகக் குழிந்து, மருந்தை ஒரு பைக்குள் வாங்கி, அப்படியே உள்ளே விழுங்கிக்கொள்ளும். தூள் பச்சை என்றாலும் நுண்ணோக்கியின் நீல ஒளியில் சிவப்பாக ஒளிரும்; சில மணி நேரத்தில் அந்தப் பைகளெல்லாம் உட்கருவைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகளாக மின்னும். உட்கருவுக்குள் மட்டும் ஒன்றும் போகாது. அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கிற பொருள் வெறும் விஷமாக இருக்காது என்று எனக்குத் தோன்றியது.

அன்று மாலையே புதுத் தட்டுகளுக்கு மருந்து ஊட்டித் தாளில் சுற்றி வைத்தோம். மறுநாள் காலை, செல்லுக்குள் போகாமல் தங்கிய மருந்தைக் கழுவுவதற்காகத் தாளைப் பிரித்தோம். ஜன்னலோரம் நின்றிருந்த தோழி கழுத்தைத் தடவிக்கொண்டு நகர்ந்தாள். "அப்பா, காலையிலயே சுள்ளுனு அடிக்குது."

நான் தட்டைப் பார்த்தேன். வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

ஜன்னல் கண்ணாடியின் ஓரமெல்லாம் பழைய டேப்பின் தழும்பு. விசாரித்ததில், முன்பு அங்கே கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்களாம். நாங்கள் சேருவதற்கு முன் சுவருக்குப் பெயின்ட் அடித்தபோது கிழித்ததை யாரும் திரும்ப ஒட்டவில்லை. இருட்டில் வைத்ததாக நாங்கள் நம்பிய செல்களெல்லாம் கழுவும்போது, சிவப்பும் கலந்த வேலூர் வெயிலைக் குடித்திருக்கின்றன.

அன்றைக்கே கறுப்புத் தாள் வாங்கி ஒட்டினோம். அந்த மருந்து பச்சை வெளிச்சத்தை அவ்வளவாக ஏற்காது என்பதால், தோழி தன் வீட்டுப் படுக்கையறையில் எரிந்த பச்சை ஜீரோ வாட்ஸ் பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "அம்மா திட்டுவாங்க, பரவால்ல."

அந்த மங்கல் பச்சையில் தடவித் தடவி வேலை செய்தோம். முடிவு வந்தபோது, இருட்டுத் தட்டில் செல்கள் தட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு நன்றாக விரிந்து கிடந்தன. மற்றொரு தட்டை நுண்ணோக்கியில் வைத்துச் சிவப்பு வெளிச்சத்தைப் பாய்ச்சினோம். புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கலங்கின. பைகள் கிழிந்து, சிவப்பு நிறம் செல் முழுக்கப் பரவியது. கொஞ்ச நேரத்தில், சாகிற செல்லின் ஓரங்களில் கொப்புளம் கிளம்பியது. தோழி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பேராசிரியை வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். "அடுத்த மருந்து வேணாம். இதுலயே போவோம்."

அன்று மாலை ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன். அம்மா அங்கே ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருக்கிறாள். சாப்பாடு போட்டபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப மனுஷங்களுக்கு எப்ப குடுப்பீங்க?"

"அதுக்கு ரொம்ப நாள் ஆவும்மா. வெளிச்சம் உடம்புக்குள்ள ஆழமா போவாது. தோலு, வாயி, அந்த மாதிரி எட்டற எடத்துக்குத்தான்."

"வாயிலதான் இங்க நெறைய பேருக்கு வருது" என்று சொல்லி, குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே பாயைப் போட்டுத் தூங்கிப்போனேன்.