வெடியா, துப்பாக்கியா

சிகாகோவில் மகள் குடியிருந்த தெருவைப் பற்றி என்னிடம் முதலில் மோசமாகச் சொன்னவர்கள் நம் ஆட்கள்தான். நான் போய்ச் சேர்ந்த வாரம் மருமகனின் நண்பர்கள் நான்கு குடும்பம் சாப்பிட வந்தார்கள். எல்லோரும் நகரத்துக்கு வெளியே, கார் இல்லாமல் ஒரு பால் பாக்கெட்கூட வாங்க முடியாத இடங்களில் வீடு வாங்கியவர்கள். செருப்பைக் கழற்றியதும் ஜன்னலுக்குப் போய்த் தங்கள் கார் நிற்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு சோறு முடியும்வரை அதே பேச்சு. கடையில் கல்லாவுக்கு முன்னால் தடித்த கண்ணாடி போட்டிருந்தால் அந்தப் பக்கம் குடியிருக்கக் கூடாதாம். இருட்டிய பிறகும் பெண்கள் நாயைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்தால் அது நல்ல ஏரியாவாம். ஒருவர் போனில் குற்றங்கள் நடக்கிற இடங்களைச் சிவப்பாகக் காட்டுகிற வரைபடத்தைக் காட்டினார். மகளின் தெரு சிவப்பாக இருந்தது. "ஆளுங்க ஒரு மாதிரி, அங்கிள்" என்று குரலைத் தாழ்த்தினார். பேசுவது தமிழ் என்பதுகூட அவருக்கு மறந்துவிட்டது.

அந்தத் தாழ்ந்த குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். எங்கள் பக்கம் விருதுநகரிலோ சிவகாசியிலோ புதிதாக ஒருவரைப் பார்த்தால் "எந்தத் தெரு?" என்று கேட்போம். விலாசம் எழுதிக்கொள்ள யாரும் அதைக் கேட்பதில்லை. பதில் வந்ததும் "ஓ, அங்கனயா" என்று இழுப்போம். நானும் இழுத்திருக்கிறேன். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் போர்மேனாக இருந்தேன். எனக்குக் கீழே வேலை பார்த்த பெண்கள் குடியிருந்த தெருவுக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. கம்பெனி வேன் முனையில் நிற்கும், டிரைவர் ஹாரன் அடிப்பார், அவர்கள் தூக்குச்சட்டியோடு ஓடி வருவார்கள்.

மகளுக்கு அந்த வீடு பிடித்திருந்தது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி ஆய்வகம் பத்து நிமிட நடை. அவளுக்குக் கார் ஓட்ட வராது. இரண்டு முறை தேர்வுக்குப் போய்த் திரும்பிவிட்டாள். காலையில் பையை மாட்டிக்கொண்டு யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பிப் போவதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. மாதக் கடைசிக்குள் வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். மருமகனுக்கு நண்பர்கள் இருக்கும் பக்கம் போய்விட ஆசை. இவள் மாட்டேன் என்றாள். அந்த இழுபறி நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் நான் போயிருந்தேன். மனைவி மூட்டு வலியால் வரவில்லை.

மகள் வேலை முடிந்து வரச் சில நாள் இரவு ஒன்பதாகும். நான் எதிர்கொண்டு அழைத்து வரப் போவேன். யோக்கியன் மாதிரி எழுதிக்கொண்டு போகிறேனே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எதிரே வருகிறவரின் நிறத்தைப் பார்த்துத்தான் என் பயம் ஏறி இறங்கியது. கறுப்பு ஆள் வந்தால் சட்டைப் பையைத் தடவிக்கொள்வேன். அவர் தலையை ஆட்டி நலம் விசாரித்துவிட்டுப் போவார். மூன்று மாடிக்கு என் பெட்டியைத் தூக்கி வந்து கொடுத்தவரும் அப்படி ஒருவர்தான். கீழ் வீட்டுக்காரர், பஸ் டிரைவர். அவர் இறங்கிப் போன பிறகு நான் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தேன்.

அது ஜூன் மாதம். ஒரு ராத்திரி வீட்டுக்குப் பின்பக்கத்துச் சந்தில் படபடவென்று சத்தம். மருமகன் விளக்கை அணைத்து, திரையை இழுத்து, எங்களைத் தரையில் உட்காரச் சொன்னார். மூன்று பேரும் சோபாவுக்குப் பின்னால் குந்தியிருந்தோம். அவர் கையில் போன். அந்த ஏரியா ஆட்கள் எழுதுகிற பக்கத்தில் வெடியா துப்பாக்கியா என்று ஏற்கெனவே விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. முகம் தெரியாதவர்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டு எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டினார். பாதிப் பேருக்குப் பயம், பாதிப் பேருக்கு அதில் ஒரு குஷி.

"அப்பாவைக் கேளுங்க" என்றாள் மகள். இருட்டிலும் அவள் குரலில் சிரிப்பு தெரிந்தது. "அவுகளுக்குத் தெரியாத வெடியா?"

"ஆமா மாமா, நீங்களே சொல்லிடுங்க" என்றார் மருமகன். கோயம்புத்தூர்க்காரர், மரியாதையான பிள்ளை. "நீங்க வெடின்னு சொன்னா நான் இனிமே இந்தப் பேச்சையே எடுக்கல. இங்கயே இருந்துக்கலாம்."

துப்பாக்கிச் சத்தத்தை நான் சினிமாவில் தவிர வேறெங்கும் கேட்டதில்லை. ஆனால் வெடியைத் தெரியும். முதலில் பெட்டிக்குள் அடுக்கிய குழாயை விட்டுக் கிளம்பும்போது ஒரு அமுங்கிய சத்தம், அப்புறம் மேலே போய் வெடிக்கிற சத்தம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவே ஒரே இடைவெளி. அந்த இடைவெளி திரியின் நீளம். அதை அளந்து வெட்டச் சொல்லிக் கொடுத்தே என் ஆயுசு போயிருக்கிறது. போதாததற்கு ஜன்னல் இடுக்கு வழியாக மருந்து வாசனை வேறு வந்தது. அது வெடி. எனக்குத் துளி சந்தேகம் இல்லை.

"துப்பாக்கிதான் மாப்பிள்ளை" என்றேன்.

மகள் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

இந்தக் காதையும் இந்த வாயையும் வைத்துக்கொண்டு நான் செய்த வேலை அது முதல் தடவை இல்லை. ஒரு தீபாவளி சீசன், மத்தியானம். பக்கத்துக் கம்பெனிப் பக்கமிருந்து சத்தம் வந்தது. வெடியைச் சோதித்துப் பார்க்கிற சத்தம் காதுக்கு வரும். கட்டிடம் வெடித்துப் போகிற சத்தம் முதலில் காலுக்கு வரும். அன்றைக்குக் காலுக்குத்தான் வந்தது. திரி ரூமில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அவள் தங்கை அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தாள்.

"அண்ணாச்சி, அது டெஸ்டிங்தானா?"

"டெஸ்டிங்தான். உக்காருத்தா."

சாயங்காலம் லோடு ஏற்ற வேண்டியிருந்தது. ஒருத்தி ஓடினால் அத்தனை பேரும் ஓடுவார்கள். அவள் உட்கார்ந்து, தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் அரை மணி நேரம் திரி சொருகினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது தங்கையை மூடிக் கிடத்தியிருந்தார்கள். பிறகு ஒரு நாளும் அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்துப் பேசவும் இல்லை. அந்த வருஷம் முதலாளி எனக்குப் போனஸோடு வேட்டி சட்டையும் கொடுத்தார். வெட்கமில்லாமல் உடுத்தினேன்.

சிகாகோவில் மறுநாள் விடியற்காலையில் பின்பக்கம் இறங்கினேன். சந்தில் கரிந்த அட்டைப்பெட்டி ஒன்று, வாயைப் பிளந்த குழாய்களோடு கிடந்தது. மகள் கண்ணில் படுவதற்குள் அதை எடுத்துக் குப்பைத்தொட்டியின் அடியில் திணித்து, மேலே வேறு குப்பையைப் போட்டேன். நிமிர்ந்தால் பஸ் டிரைவர் துடைப்பத்தோடு நிற்கிறார். அவர் மகள் பரீட்சையில் தேறிவிட்டாளாம், அதற்குத்தான் வெடியாம், ராத்திரி எங்களுக்குத் தொந்தரவாக இருந்திருந்தால் மன்னிக்க வேண்டுமாம். எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். அவர் செய்ய வேண்டிய வேலையை நான் செய்ததற்கு நன்றி சொல்லிக் கையை நீட்டினார். மருந்துக் கரி ஒட்டிய கையால் அந்தக் கையைப் பிடித்தேன். மேலே வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன், கழுவிவிட்டு மறுபடியும் கழுவினேன்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அடுத்த மாதமே நண்பர்கள் இருக்கும் பக்கம் வீடு மாறினார்கள். நானும் ஊர் திரும்பினேன். புது வீட்டுப் பக்கம் நடைபாதையே கிடையாது என்று மகள் போனில் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு மருமகன்தான் காரில் கொண்டுபோய் விட வேண்டும், அவருடைய ஆபீஸோ எதிர்த்திசை. மூன்று மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு வேலையை விட்டுவிட்டாள். வரைபடத்தில் அந்தப் புதுத் தெரு என்ன நிறமோ தெரியவில்லை, சிவப்பாக இருக்காது.

போன வாரம் சாயங்காலம் கூப்பிட்டாள். நான் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். தூரத்துப் பொட்டலில் ஏதோ ஒரு கம்பெனியில் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். வரிசையாகச் சத்தம்.

"என்னப்பா, டெஸ்டிங்கா?" என்றாள்.

"ஆமாம்மா. போன்லயே கேக்குதா?"

"கேக்குது. பன்னெண்டு ஷாட்." எண்ணிச் சொன்னாள். "நானும் அந்த ஊர்ல பொறந்தவதானப்பா. அன்னைக்கு ராத்திரியும் அது வெடின்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. நீங்க சொல்லட்டும்னுதான் இருந்தேன்."

பொட்டலில் அடுத்த பெட்டியைப் பற்றவைத்தார்கள்.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல், "அம்மாட்ட போனைக் குடுங்க" என்றாள்.