பங்களாச் சில்லில் ஒரு மயில்

உடைந்த பீங்கானை வீட்டில் வைத்தால் மூதேவி குடியேறுவாள் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் சட்டம். அதனால் நான் பொறுக்கிய சில்லுகளை உரச் சாக்கில் கட்டிக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன். மூதேவி வந்தால் கோழிகளோடு இருந்துகொள்ளட்டும்.

மேனேஜர் பங்களாவுக்குக் கீழே உள்ள சரிவுதான் என் சுரங்கம். வெள்ளைக்காரத் துரைகள் காலத்திலிருந்தே உடைந்த தட்டு, கோப்பை, மங்கு எல்லாம் அங்கேதான் போய் விழும். பெருமழை பெய்தால் தேயிலைத் தூருக்கு அடியில் பூப்போட்ட துண்டுகள் எட்டிப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் சாமான் வாங்கத் தானா ராத்தா டவுனுக்குப் போவார்கள். நான் சரிவில் குந்தியிருப்பேன். தோட்டமே சிரித்தது. சிரிக்கட்டும்.

கோயில் கமிட்டியை ஒரு வருஷம் நச்சரித்து, முருகன் சன்னதியின் பக்கச் சுவரைக் கேட்டு வாங்கினேன். சில்லுகளைச் சிமெண்டில் பதித்து ஒரு மயில் செய்வதாக ஏற்பாடு. தோகை வந்துவிட்டது, கழுத்துக்கு நீலம் இல்லை. அந்த நேரம் பார்த்துச் சரிவில் ஒரு மாவுப் பை கிடைத்தது. உள்ளே தங்கக் கோடு போட்ட நீலச் சில்லுகள். கூடவே டீ ஜாடியின் வளைந்த மூக்கு, முழுசாக. மண் ஒட்டாத சில்லு, அதுவும் பைக்குள் என்றால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு ஆசைதான் வந்தது. கழுத்தை முடித்து, மூக்கையே அலகாகப் பதித்தேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். அவர் பங்களாச் சமையல்காரர். பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது. மேனேஜரின் மனைவியான துரைசாணிக்குத் தாய்வீட்டிலிருந்து வந்த, நூறு வருஷத்துப் பழைய ஜாடியாம். கை தவறிப் போட்டு உடைத்தவர், சில்லைப் பையில் கட்டிச் சரிவில் எறிந்துவிட்டு, ஜன்னல் வழியாகக் குரங்கு வந்து வெளியே தள்ளிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். என்னிடமும் அப்படித்தான் சொன்னார். நானும் அந்தக் குரங்கை ஒரு வாரம் திட்டித் தீர்த்தேன்.

பொய் தெரிந்தால் வேலை போகும், வேலையோடு லயத்து வீடும் போகும், அலகை மட்டும் பெயர்த்துவிடு என்று கெஞ்சினார். அலகில்லாவிட்டால் அது என்ன மயில்? முடியாது என்றேன். அவர் உளியைத் தேடினார். அது என் இடுப்பில் இருந்தது. உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

மறுநாள் துரைக்கும் துரைசாணிக்கும் மாலை மரியாதை நடந்தது. அந்தம்மா சுவரருகே வந்து அப்படியே நின்றுவிட்டார். அலகைத் தொட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மோர் வாளிக்குப் பின்னால் பதுங்கினார்.

"குரங்கு நல்லாத்தான் செஞ்சிருக்கு" என்றார் அந்தம்மா, என்னைப் பார்த்து.

வாளிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தாம்மா உடைச்சேன்."

"தெரியும் லா. அன்னிக்கு ஜன்னல் உள்பக்கமா தாழ் போட்டிருந்துச்சி. நீங்களா சொல்வீங்கன்னுதான் இருந்தேன்."

சாமிக்குப் போனதைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதை நம்பித்தான் நான் அவ்வளவு வீம்பு பிடித்தேன். அந்தம்மா கேட்கவும் இல்லை. அவருடைய அம்மா அந்த ஜாடியில்தான் டீ ஊற்றுவாராம். அதைச் சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த நாள் என் வீட்டுக்காரர் பங்களாவிலிருந்து ஒரு துணிப் பொட்டலம் கொண்டுவந்தார். ஜாடியின் மூடி, கீறல்கூட இல்லாமல். இதையும் மயிலோடு சேர்த்துவிடச் சொன்னாராம் துரைசாணி.

சில்லு என்றாலே சுத்தியலைத் தூக்குகிறவள் நான். அதை உடைக்கக் கை வரவில்லை. முழுசாகவே பதித்தேன்.